மூன்றாம் நம்பர் சிடி

அத்தியாயம் 4

டமாரம் பிறந்தபோது அழுத அழுகையில் ஆஸ்பத்திரியின் மூன்று டியூப்லைட்டுகள் வெடித்தன என்று அவனுடைய அண்ணன் சத்தியம் செய்வார். "ரெண்டுதான்" என்று டமாரம் அடக்கத்தோடு திருத்துவான். நாற்பத்திரண்டு வருடங்களாக அந்த வாய் ஓய்ந்ததில்லை. பல் பிடுங்கப் போன அன்று மட்டும் ஐந்து நிமிடம் பேச்சு நின்றது. அந்த ஐந்து நிமிடமும் பல் டாக்டரின் விரல் உள்ளே இருந்தது.

அப்படிப்பட்டவன் தையல்காரம்மாவின் முன் அறையில் கால் மணி நேரமாக வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். ஜன்னலோரத்து அலமாரியில் ஒரு போட்டோ. இருபத்துநாலு வயதுப் பையன், ஒரு பக்கமாகச் சாய்ந்த சிரிப்பு. தொண்டைவரை வந்த ஜோக்கெல்லாம் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டன.

"கலர் விஷயத்துல நான் ஏமாற மாட்டேன் மேடம்," என்றாள் தையல்காரம்மா. உதட்டோரத்தில் மூன்று குண்டூசிகள். ஒன்றுகூட அசையாமல் பேசினாள். "முப்பது வருஷமா துணிக்கு நூல் பொருத்துறவ. எம்பையன் குடுத்த சிடி பச்சை. பாசி படிஞ்ச குளம் மாதிரிப் பச்சை. காப்பி போடக் குடுத்தேன். அந்தக் கடைக்காரன் என்னத்தைத் திருப்பிக் குடுத்திருக்கான் பாருங்க. துணி அலசின தண்ணி கலர்ல இருக்கு. போட்டா ஒரு சத்தமும் வரல. எம்பையன் சிடியை அமுக்கிட்டு எதையோ கையில குடுத்துட்டான்."

அவள் 'மேடம்' என்று கூப்பிட்டது டமாரத்தின் அண்ணியை. தொழில், துப்பறிவது. ஊர் வைத்த பெயர் சல்லடை. அவள் சலித்துவிட்டுப் போன இடத்தில் எறும்புகூடச் சர்க்கரை தேடாது என்பார்கள். கணவரின் தம்பியை ஏன் உதவியாளாக வைத்துக்கொண்டாய் என்று கேட்டால், "வீட்டுல விட்டா எங்க வீட்டுக்காரருக்குக் காது போயிடும்" என்பாள்.

"அந்தப் பாட்டை நீங்க கேட்டிருக்கீங்களா?" என்றாள் அண்ணி.

"அவன் பாடிப் பாக்கறப்போ அங்க ஒரு வரி, இங்க ஒரு வரி காதுல விழுந்திருக்கு. முழுசாக் கேட்டதில்ல. எனக்காகவே எழுதின பாட்டு மேடம். சனிக்கிழமை சிடியைக் கையில குடுத்தான். 'ஞாயித்துக்கிழமை பிளேயர் வாங்கிட்டு வரேம்மா, சேர்ந்து கேப்போம்'னான். ஞாயித்துக்கிழமை பிளேயர் வாங்கத்தான் பைக்கை எடுத்தான்."

குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துத் துணியில் குத்தினாள்.

"ரெண்டு வருஷம் ஆச்சு. கேக்கத் தைரியம் வரல. வர்ற வெள்ளிக்கிழமை அவன் நினைவு நாள். அவன் சிநேகிதங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காப்பி குடுத்து, எல்லாரும் உக்காந்து கேக்கலாம், அவ்வளவு பேர் கூட இருந்தா எனக்கும் தைரியம் வரும்னு நினைச்சேன்."

"பாட்டு கம்ப்யூட்டர்ல இருக்குமேக்கா?" டமாரத்தின் குரல் அவனுக்கே அடையாளம் தெரியாத அளவுக்குச் சின்னதாக வந்தது.

"ஆபீஸ் கம்ப்யூட்டர் தம்பி. அவன் போன மறுவாரமே வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. உள்ள இருந்ததையெல்லாம் அழிச்சிட்டு இப்ப வேற யாரோ பயன்படுத்துறாங்களாம்."

வாசற்படியில் ஏதோ இருட்டியது. மேகம் என்று டமாரம் நினைத்தான். வந்து நின்றது தையல்காரம்மாவின் தம்பி. லாரி ஓட்டுபவர். அவர் உள்ளே வரவேண்டுமென்றால் கதவு கொஞ்சம் ஒதுங்கி நிற்கவேண்டும். கையில் ஜாக்கிக்கு மாட்டும் இரும்புக் கம்பி.

"நாலு மணி வரைக்கும் பாப்பேன் மேடம். நீங்க கண்டுபிடிச்சா சரி. இல்லேன்னா அவன் கடைக்கு ஷட்டர் இருக்காது. உள்ள இருக்கிற மிஷின் ஒண்ணும் மிச்சம் இருக்காது. எம்மருமகன் குரலை அமுக்கிட்டு ஒருத்தன் தொழில் பண்ணிடுவானா?"

கம்பியைத் தோளில் சாத்திக்கொண்டு போய்விட்டார். அறைக்குள் மறுபடி வெளிச்சம் வந்தது.

அண்ணி பூதக்கண்ணாடியை எடுத்தாள். சிடியின் ஓட்டையைச் சுற்றியிருக்கும் கண்ணாடி போன்ற வளையத்தை முதலில் பார்த்தாள். "ம்" என்றாள். பிறகு சிடியை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். மொத்தமும் வெளிறிக் கிடந்தது, ஓர் ஓரத்தைத் தவிர. அங்கே மட்டும் பச்சை. கத்தி வைத்து அறுத்ததுபோல நேர்க்கோட்டில் ஆரம்பிக்கும் ஒரு துண்டு. "ம்ம்" என்றாள்.

ஒரு 'ம்' என்றால் அண்ணிக்குச் சந்தேகம்; இரண்டு 'ம்' என்றால் முடிவு. 

"இதை எங்க வெச்சிருந்தீங்க?"

தையல்காரம்மா அலமாரியைக் காட்டினாள். "அவன் போட்டோவுக்குப் பின்னால ஒரு ஓரத்தை மட்டும் சொருகிச் சாத்தி வெச்சிருந்தேன். கவர்ல போட்டா மூச்சு முட்டுமேன்னு வெளிய எடுத்து வெச்சேன். மினுமினுங்கிற பக்கத்துலதான் பாட்டு இருக்கு, அதைத் தொடாதேன்னு சொல்லியிருந்தான். அதனால அந்தப் பக்கம் எங்கயும் படாம வெளிய பாக்கற மாதிரி வெச்சேன். தூசி தட்டக்கூட அசைச்சதில்ல, உத்துப் பாத்ததில்ல. கடைக்குக்கூடப் பாக்காமலே துணியில சுத்தித்தான் குடுத்தேன்." சட்டென்று அவள் முகத்தில் இரண்டு வயது குறைந்தது. "காலைல எட்டு மணிக்கு வெயில் அதுல பட்டுக் கூரையில வானவில் விழும் மேடம். அவன் வந்துட்டான்னு சொல்லிக்குவேன். அப்புறம்தான் மிஷின்ல உக்காருவேன்."

அண்ணி கூரையைப் பார்த்தாள். மணி எட்டேகால். கூரை வெறும் சுண்ணாம்பாக இருந்தது.

தையல்காரம்மாவுக்குக் கை சும்மா இருக்கத் தெரியாது. யாருக்கோ பிறந்திருக்கும் குழந்தைக்குத் தொப்பி தைக்கவேண்டுமாம். மேஜை டிராயரிலிருந்து சாக்குக்கட்டியையும் பிஸ்கட் டின் மூடிபோல ஏதோ ஒரு தங்கநிற வட்டத்தையும் எடுத்தாள். துணியில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, விளிம்பைச் சுற்றி ஒரே இழுப்பில் கோடு போட்டாள். இரண்டையும் டிராயருக்குள் தள்ளி மூடினாள். காம்பஸ் வைத்தாலும் அப்படி வட்டம் வராது என்று டமாரம் நினைத்துக்கொண்டான், அதற்குமேல் நினைக்கவில்லை.

"பையனோட சாமான் ஏதாவது இருக்கா?"

ஒரு அட்டைப்பெட்டி வந்தது. அதில் பிரித்த பாக்கெட்டில் காலி சிடிகள். பாசிக்குளப் பச்சை. தையல்காரம்மா சொன்னதில் ஒரு இழைகூடப் பிசகில்லை. பாக்கெட்டுக்குள் ஒரு துண்டுச்சீட்டு, பையனின் கையெழுத்தில்:

1 – டெஸ்ட். கடைசியில் கரகர.
2 – கடைப் பிளேயர் படிக்கவே இல்லை.
3 – சுத்தம். அம்மா பாட்டு இதில்.

"மூணு தினுசு சிடியில ஒவ்வொண்ணு வாங்கிப் பதிஞ்சு பாத்தான்," என்றாள் தையல்காரம்மா. "மூணாவதுதான் பிடிச்சுது. அதே தினுசுல ஒரு பாக்கெட் வாங்கி வெச்சான். ஒண்ணும் ரெண்டும் சரியில்லன்னு தூக்கிப் போட்டுட்டான். அவனுக்கு எதுவும் சுத்தமா இருக்கணும்."

அண்ணி காலி சிடி ஒன்றையும் துண்டுச்சீட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். கிளம்பும்போது போட்டோவின் சட்டத்தை விரலால் ஒருமுறை நீவினாள். அது சதுரச் சட்டம். ஓரம் நேர்க்கோடு.

தெருவில் இறங்கியதும் டமாரத்துக்குப் பேச்சு திரும்பியது. "அண்ணி, ரெண்டு 'ம்' போட்டீங்க. யாரு திருடன்?"

"திருடன் யாருன்னு தெரியும். அவனை யாரும் பிடிக்க முடியாது. வா."

"அவ்ளோ பெரிய ஆளா?"

அண்ணி பதில் சொல்லாமல் வானத்தைப் பார்த்தாள். டமாரமும் பார்த்தான். கண் கூசியது.

கடையின் பலகையில் இப்படி எழுதியிருந்தது: 'பாட்டு, பேப்பர், சாவி – எதற்கும் காப்பி எடுத்துத் தரப்படும்.'

"மனுஷனைத் தவிரன்னு கீழ ஒரு வரி சேக்கணும்," என்றான் டமாரம். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக்கூடாது என்று தெரிந்தது. எதிர்ச்சாரியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த லாரிக்காரர் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தார்.

கடைக்காரர் சாவி ஓட்டை வழியாகவே கடைக்குள் போய்வரக்கூடிய ஒல்லி. மூக்குக்கண்ணாடி மட்டும்தான் கனம். அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நான்தாங்க கெடுத்தேன்."

"நாங்க இன்னும் உக்காரவே இல்ல சார்," என்றான் டமாரம். "ஒரு டீயாவது சொல்லிட்டுக் குத்தத்தை ஒத்துக்கக்கூடாதா?"

"எப்படிக் கெடுத்தீங்க?" என்றாள் அண்ணி.

"மிஷின் கடிச்சிடுச்சு."

"கடிச்சாப் பல் படணுமே. ஒரு கீறல் இல்ல."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப... மாறிப்போச்சுங்க. வேற ஆளோட சிடிகூடக் கலந்துடுச்சு."

"வேற ஆளோட சிடியில இந்தப் பையன் கையெழுத்து எப்படி வந்துது?" அண்ணி வெளிறிய சிடியை மேஜையில் வைத்து, பூதக்கண்ணாடியை ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்தாள். வளையத்தில், எறும்புக்கால் அளவுக்கு, மார்க்கர் பேனாவால் எழுதிய 3. பக்கத்திலேயே துண்டுச்சீட்டை வைத்தாள். அதே 3, வால் உள்ளே சுருண்ட 3. "பாட்டு இருக்கிற இடத்துக்கு மேல பேனா படக்கூடாதுன்னு நடு வளையத்துல எழுதியிருக்கான். விஷயம் தெரிஞ்ச பையன்."

"நான்தாங்க சொல்லிக்குடுத்தேன்," என்றார் கடைக்காரர். உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

டமாரம் அண்ணியைப் பார்த்தான். எட்டு வருடத்தில் பத்துப் பதினைந்து திருடர்களைப் பார்த்திருக்கிறான். கையும் களவுமாகப் பிடித்தாலும் 'என் கையே இல்லை' என்று சாதிப்பார்கள். செய்யாத தப்பைப் பிடிவாதமாக ஒத்துக்கொள்ளும் ஒரு ஆளை இப்போதுதான் பார்க்கிறான்.

அண்ணி காலி சிடியை வெளிறிய சிடிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்று குளம், இன்னொன்று அலசின தண்ணீர். பச்சைத் துண்டின் நேர்க்கோட்டில் விரலை வைத்தாள்.

"இதே தினுசுதான். இந்த ஓரத்துல மட்டும் பச்சை மிச்சம் இருக்கு. போட்டோச் சட்டம் மறைச்ச இடம். மத்த இடத்துல ரெண்டு வருஷம் காலை வெயில் பட்டிருக்கு. உங்களுக்கு இது முன்னாடியே தெரியும். அந்த வீட்டுக்குப் போனீங்க, இல்ல?"

கடைக்காரர் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட மடிந்தார் என்பது சரி.

"போன செவ்வாய்க்கிழமை. எந்த மிஷின்ல போட்டும் படிக்கல. எப்பவாவது பிளேயர்ல வெச்சுக் கேட்டதுண்டான்னு விசாரிக்கப் போனேன். அலமாரியில தூசிக்கு நடுவுல இது நின்ன தடம் தெரிஞ்சுது. மேல ஜன்னல். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்க அந்த வானவில்லைப் பத்திச் சொன்னாங்க." மூக்கை உறிஞ்சினார். "அதுக்கப்புறம் எதைச் சொல்றதுங்க?"

"அப்ப வெயிலு பாட்டைத் தின்னுடுமா?" என்றான் டமாரம்.

"காலி சிடிக்குள்ள ஒரு சாயம் பூசியிருப்பாங்க தம்பி. பதியறப்போ மிஷின் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாப் பொசுக்கித்தான் பாட்டை எழுதும். சாயம் போனா எழுத்தும் போச்சு. எல்லாச் சாயமும் அப்படி இல்ல. இதே பையனுக்கு முதல்ல நான் ஒரு தங்கக் கலர் சிடி குடுத்தேன். அந்தச் சாயம் லேசுல வெளுக்காது. ஆனா அந்தச் சரக்குல விளிம்புப் பக்கம் மோசம். சிடி நடுவுலேருந்து வெளிய ஓடும். மட்டமான சரக்கு விளிம்புகிட்ட வர்றப்போதான் காலை வாரும். அவன் காது பொல்லாத காது. கடைசியில கரகரங்குதுன்னு ஒதுக்கிட்டான். அடுத்து ஒரு நீலம் குடுத்தேன், அது படிக்கவே இல்ல. கடைசியாத்தான் இந்தப் பச்சை. 'இதுதாண்டா இருக்கறதுலயே சுத்தம்'னு நான்தான் சொன்னேன். அதுவும் நெசம். பதிஞ்ச அன்னிக்கு அவ்வளவு சுத்தம். எத்தனை நாள் நிக்கும்னு அவனும் கேக்கல, நானும் சொல்லல. இருபத்துநாலு வயசுல யாருங்க அதைக் கேப்பா?"

கடைக்குள் ஏதோ ஒரு மிஷின் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

"வெயில்ல வைக்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தத் தப்பு என்னுதுதானே? அதனால மீதியையும் நானே வெச்சுக்கிறேன். மிஷின்ல போச்சு, கடைக்காரன் கெடுத்துட்டான்னு நினைச்சா அந்தம்மா என்னைத் திட்டிட்டு இருப்பாங்க. திட்டறதுக்கு ஆள் இருந்தா மனுஷன் பிழைச்சுக்குவான். தன் கையாலயே போச்சுன்னு தெரிஞ்சா?" கைகூப்பினார். "நீங்க கெட்டிக்காரங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன் மேடம். இந்த ஒரு கேஸ்ல தோத்துடுங்க."

"வெளிய ஒருத்தர் கம்பியோட உக்காந்திருக்காரு, பாத்தீங்களா?"

"பாத்தேன். ஷட்டர்தானே. வேற மாட்டிக்கலாம்."

டமாரம் தன் வாழ்நாளில் கேட்ட வசனங்களிலேயே பெரிய வீர வசனம் அதுதான். சொன்னவருக்கு இடுப்பு அளவு இருபத்தாறு.

அண்ணி இரண்டு சிடிகளையும் எடுத்துப் பைக்குள் வைத்தாள். "உங்களைத் திருடன்னும் சொல்ல முடியாது. அவங்ககிட்ட உண்மையையும் சொல்ல முடியாது," என்றாள். "நடுவுல ஒண்ணு சொல்லிப் பாக்கறேன்."

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தையல்காரம்மாவின் முன் அறையில் நாலு பேர் இருந்தார்கள். லாரிக்காரர் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். கம்பி கையிலேயே இருந்தது.

"திருட்டு நடக்கலம்மா," என்றாள் அண்ணி. "இது உங்க பையன் சிடிதான்." பூதக்கண்ணாடியைக் கொடுத்தாள்.

தையல்காரம்மா ஓட்டையின் ஓரத்தைப் பார்த்தாள். வால் சுருண்ட 3. "ஆமா," என்றாள் மெதுவாக. "அஞ்சாங்கிளாஸ்லேருந்து அவன் மூணு இப்படித்தான். டீச்சர் அடிச்சும் மாத்திக்கல. அப்ப கலர்?"

"சிடி மட்டம். சாயம் நிக்காத சரக்கு. தானா வெளுத்துப்போச்சு. கடைக்காரர் மேல தப்பில்ல. யார் மேலயும் தப்பில்ல."

அண்ணி பொய் சொல்லி டமாரம் பார்த்ததில்லை. அவள் குரல் ஒரு மயிரிழை இறங்கியது. அது அவனுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். லாரிக்காரரின் தோள் தளர்ந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று டமாரம் மூச்சு விட்டான்.

"சாயமா?" என்றாள் தையல்காரம்மா.

சிடியைக் கையில் எடுத்தாள்.

"சிடிக்குள்ள சாயமா இருக்கு? எனக்குத் தெரியாதே." சிடியைத் துணியைப் போல இரண்டு விரலால் தடவினாள். "தானா வெளுக்கிற சாயம்னு ஒண்ணு கிடையாது மேடம். எத்தனை மட்டமான சாயமா இருந்தாலும் ஒண்ணு சோப்பு வெளுக்கணும், இல்ல..."

நிறுத்தினாள். எழுந்தாள். அலமாரிக்குப் போனாள். போட்டோவுக்குப் பின்னால், பழைய இடத்தில், பழையபடியே சிடியைச் சாத்தினாள். கொஞ்சம் திருப்பினாள். பச்சைத் துண்டின் நேர்க்கோடு சட்டத்தின் ஓரத்துக்கு அடியில் போய், மடிப்பு மடிப்போடு சேர்வதுபோல ஒரு நூல் பிசகாமல் உட்கார்ந்தது.

அறையின் அந்தக் கோடியில் சாயங்கால நிழல்தான் இருந்தது. இருந்தும் அவள் ஜன்னலுக்குக் குறுக்கே கையை நீட்டி மறைத்தாள்.

"முப்பது வருஷமா," என்றாள். "இந்த வீட்டுலேருந்து துணி வாங்கிட்டுப் போற ஒருத்தரையும் விட்டதில்ல. நிழல்ல காயப்போடுங்க, நிழல்ல காயப்போடுங்கன்னு கத்தறவ நான்."

"அக்கா," என்றார் லாரிக்காரர்.

"தினமும் காலைல வந்துட்டான் வந்துட்டான்னு சந்தோஷப்பட்டேனே. வரலடா. தினமும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கான். நானே நிக்க வெச்சு அனுப்பியிருக்கேன்."

அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று டமாரத்துக்குத் தோன்றியது. லாரிக்காரரின் கம்பி தரையில் படுத்தது. இத்தனை பெரிய ஆள் அதை இத்தனை சத்தமில்லாமல் வைக்க முடியுமா என்பதுபோல.

"அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்," என்றாள் தம்பியிடம். "போய்க் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டு வா."

அவர் போனார். டமாரத்துக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அண்ணியின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. போட்டோவைப் பார்க்கவே முடியாது. வேறு வழியில்லாமல் தையல் மேஜையைப் பார்த்தான். குழந்தைத் தொப்பிக்கான வட்டத்துணி வெட்டி வைத்திருந்தது. கச்சிதமான வட்டம். காம்பஸ் வைத்தாலும் வராத வட்டம். ஒரு சாண் இருக்காது, ஒரு சிடி அளவு...

டமாரம் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்பக்கமாக விழுந்தது.

"அக்கா! காலைல ஒரு தங்கக் கலர் மூடி வெச்சுக் கோடு போட்டீங்களே, அது என்ன மூடி?"

"மூடி இல்ல தம்பி. அது..." தையல்காரம்மா டிராயரைப் பார்த்தாள். "அது அவன் சரியில்லன்னு தூக்கிப் போட்டது. வட்டமா இருக்கேன்னு எடுத்து வெச்சேன். எதையும் வீசி எனக்குப் பழக்கமில்ல."

"டிராயரைத் திறங்கக்கா. ரெண்டு வருஷமா அது டிராயர்லயேவா இருக்கு? இருட்டுலயா?"

அண்ணி அவனுக்கு முன்னால் போய்த் திறந்தாள். நூல்கண்டுகளுக்கும் கொக்கிகளுக்கும் நடுவில் தங்க நிறம். சாக்குப்பொடியை ஊதினாள். பூதக்கண்ணாடியை ஓட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். வளையத்தில், எறும்புக்கால் அளவுக்கு, 1.

"சலிச்சேன், விட்டுட்டேன்," என்றாள் அண்ணி.

"சல்லடைன்னா பாதிக்கு மேல ஓட்டைதானே அண்ணி," என்று சொல்லிக்கொண்டே டமாரம் ஜன்னலுக்குப் பாய்ந்தான். தெருமுனையில் லாரிக்காரரின் முதுகு. டமாரம் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவன் அப்படிக் கத்தியது அன்றுதான்.

"அண்ணே! கடைக்காரரைக் கூட்டிட்டு வாங்க! பிளேயரையும் தூக்கிட்டு வாங்க!"

மூன்று தெருவில் ஜன்னல்கள் திறந்தன. நாய்கள் பதில் சொன்னது தனி.

கடைக்காரர் லாரிக்காரரின் கக்கத்தில் ஏறக்குறையத் தொங்கியபடி வந்து சேர்ந்தார். தங்கச் சிடியை விளக்குக்கு நேராகப் பிடித்தார். "விளிம்பு அவ்வளவுதான். சாக்கும் நகமும் பட்டுத் தேஞ்சு கிடக்கு. ஆனா அங்க ஏற்கனவே கரகரதான்." இன்னும் உள்ளே கண்ணைக் கொண்டுபோனார். "நடுவுல ஒண்ணும் ஆகல. சாயம் அப்படியே இருக்கு. உள்ளங்கை வெச்ச இடமெல்லாம் நல்லா இருக்கு. பாட்டு இருக்காதுக்கா. சோதிக்கறதுக்குப் பதிஞ்சது. என்ன இருக்கும்னு சொல்ல முடியாது."

"போடுங்க," என்றாள் தையல்காரம்மா.

போடுவதற்கு முன் எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். இரண்டு பக்கமும் சேரும் இடத்தில் ஒரு குண்டூசியும் குத்தினாள்.

பிளேயர் கொஞ்சம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. தேடியது. முன்னால் நெடுக வெற்றுப் பதிவாக ஓடியதைக் கடைக்காரர் தள்ளித் தள்ளி விட்டார். பிறகு அறைக்குள் ஒரு தையல் மிஷின் ஓடியது. மூலையில் நின்ற மிஷினை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்; அது சும்மாதான் நின்றது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. டெஸ்ட்." சாய்ந்த சிரிப்புள்ள குரல். "அம்மா, மிஷினை நிறுத்தேன். ரெக்கார்டு ஆகுது."

"இந்த ஜாக்கெட்டுக்கு ஒரு கையை ஏத்தித் தைச்சுட்டு நிறுத்தறேன் இரு." அவளுடைய குரல்தான். ஆனால் இரண்டு வயதல்ல, இருபது வயது இளையதாக இருந்தது. "காத்தாலேருந்து ஒண்ணு ரெண்டு மூணுங்கிற. நாலு எப்படா வரும்?"

"நீ நிறுத்தினாத்தான் நாலு வரும். உன் மிஷினும் பாட்டுல பாடுது பாரு."

"பாடட்டும். சோறு போடறதே அதுதான்."

பையன் சிரித்தான். மைக்குக்கு மிக அருகில் சிரித்திருக்கவேண்டும். அறையே அந்த மூச்சில் அசைந்தது. பிறகு வார்த்தையில்லாமல் ஏதோ முனகினான், ஏறி இறங்கி ஒரு மெட்டு, இரண்டு வரி அளவுக்கு. தையல்காரம்மாவின் உதடு அதோடு அசைந்தது.

"சரி, இது சும்மா டெஸ்ட்டு. நல்ல சிடியில நல்லாப் பாடித் தரேன். இப்ப ஒரு நிமிஷம் நீ ஒண்ணும் பேசாத, அசையாத. அறை எவ்வளவு அமைதியா இருக்குன்னு பாக்கணும்."

பதிவில் தையல் மிஷின் நின்றது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

அமைதி ஓடியது. தூரத்தில் எங்கோ குழாய் சொட்டும் சத்தம். யாரோ மூச்சு விடும் சத்தம். அவனா அவளா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் விளிம்பு வந்துவிட்டது. கரகரவென்று ஆரம்பித்து, இரைச்சல் ஏறி, அதற்குப் பின்னால் எதுவும் கேட்கவில்லை. கடைக்காரர் நிறுத்துவதற்காகக் கையை நீட்டினார்.

தையல்காரம்மா தலையை மட்டும் அசைத்தாள்.

"இன்னும் ஒரு நிமிஷம் ஆகல," என்றாள், உதடு மட்டும் அசைய.

கடைக்காரரின் கை அந்தரத்திலேயே நின்றது. லாரிக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டார். அண்ணி கண்ணை மூடினாள். இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. டமாரம் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று அறுபதுவரை மனதுக்குள்ளேயே எண்ணினான்.